ஏழு மணி பாய்லர்

“தெர்மோஸ்டாட்டை எவ்வளவு திருப்பினாலும் பாய்லர் எரியமாட்டேங்குது தம்பி. சிக்னல் எங்கே போய் நிக்குதுன்னு நல்லாப் பாரு,” என்றார் வில்ஃப்.

எண்பது வயது. இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் பனி கொட்டும் காலையில், பாய்லர் எரியாமல் வீடே குளிர்ந்து கிடக்க, சமையலறையில் மேல்கோட்டும் நனைந்த செருப்புமாக நின்றிருந்தார். செருப்பு எப்படி நனைந்தது என்று க்ளைவ் கேட்கவில்லை. பழுதுபார்க்க வந்தவன் கதை கேட்க ஆரம்பித்தால் பொழுது போய்விடும்.

தெர்மோஸ்டாட்டின் பாட்டரியை மாற்றினான். கம்பியில்லாமலே பாய்லரை எரியவைக்கும் அதைச் சுவரிலிருந்து கழற்றி, பாய்லருக்குப் பக்கத்திலேயே வைத்துத் திருப்பினான். ஊஹூம். இருபத்தாறு வருட அனுபவத்தைத் திரட்டி பாய்லரை ஒரு தட்டுத் தட்டினான். அதற்கும் மசியவில்லை.

“இதை எந்த மடையன் மாட்டினான்?”

“நீதான்.”

க்ளைவுக்கு ஞாபகம் வந்தது. நாலு வருடத்துக்கு முன், ஒட்டினாற்போல் இருக்கும் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் மாட்டியது. பாய்லரின் மூடியைத் திறந்து, அது எந்த தெர்மோஸ்டாட்டோடு இணைந்திருக்கிறது என்று காட்டும் எண்ணைப் பார்த்தான். இந்த பாய்லர் இத்தனை நாளும் பக்கத்து வீட்டு டோரீனின் தெர்மோஸ்டாட் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

“பக்கத்து வீட்டம்மா ஊர்ல இல்லையா?”

“எனக்கென்ன தெரியும்? வேலித் தகராறுல பேச்சு நின்னு பதினோரு வருஷமாச்சு. நீ வேணா போய்ப் பாரு. சீக்கிரம் போ.”

க்ளைவ் போய்த் தட்டினான். பதில் இல்லை. கதவின் தபால் துவாரத்தில் வாயை வைத்துக் கூப்பிட்டான். உள்ளேயிருந்து முனகல். பின்கதவு வழியாக ஓடினான். மாடிப்படிக்குக் கீழே கால் மடங்கிக் கிடந்தார் டோரீன்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவன் கையை விடவேயில்லை. “நல்ல நேரத்துல வந்தேப்பா. உசிரு இருக்கிற வரைக்கும் மறக்கமாட்டேன்.”

தன் மடத்தனத்துக்கு ஒருவர் கண்ணீரோடு நன்றி சொல்வது க்ளைவுக்குப் புதிது. கூசிப்போய்த் திரும்பி வந்து, வில்ஃபிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான்.

“ரெண்டு வீட்டுதையும் மாத்திக் கோத்துட்டேன், என் தப்புதான். அஞ்சே நிமிஷம், சரி பண்ணிடறேன்.”

வில்ஃப் ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிக்கொண்டார்.

“தொடாதே. அப்படி மாட்டினதுக்கு உனக்குக் கோடி புண்ணியம். முதல் வருஷமே எனக்குத் தெரியும்டா. தினம் ஏழு மணிக்கு அவ எழுந்து திருப்புவா, இங்கே எரியும். இன்னிக்கு எரியல. ஓடிப்போய்த் தட்டினேன், திறக்கல. நான்னு தெரிஞ்சா திறப்பாளா? அதான் உன்னைக் கூப்பிட்டேன்.”