பதினொரு முறை

அவள் இருக்கைப் பட்டையைக் கழற்றினாள். பயிற்சி விமானத்தின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

இன்று ஜெபஸ்டின் தனியாகப் பறக்க வேண்டும். அவளுடைய முதல் மாணவன். அவளைவிட இரண்டே வயது இளையவன்.

ஓடுபாதையின் ஓரத்தில், காற்றின் திசை காட்டும் துணிப்பை விறைத்துப் பக்கவாட்டில் நீண்டிருந்தது. காலையில் அது துவண்டு தொங்கியது.

"குறுக்குக் காத்து அடிக்குதே மேடம். நீங்க இதுல எறங்கியிருக்கீங்கல்ல?"

பதினொரு முறை இறங்கியிருப்பதாக, பறந்த கணக்கை எழுதிவைக்கும் அவளுடைய லாக் புக் சொல்லும்.

அந்தப் பதினொன்றையும் அவள் ஒரே மதியத்தில் எழுதினாள். தலைமைப் பயிற்றுநர் பத்மநாபன் தேதிகளைச் சொல்லச் சொல்ல எழுதினாள். அந்தத் தேதிகளில் விமானம் எஞ்சின் இல்லாமல் கொட்டகையில் நின்றிருந்தது.

"எல்லாரும் செய்றதுதாம்மா" என்று அவர் கனிவாகவே சொன்னார்.

அப்படிப் பறக்காமலே எழுதிச் சேர்த்த நாற்பது மணி நேரம் இல்லையென்றால் உரிமத்துக்கு வேண்டிய இருநூறு நிறைந்திருக்காது. இருநூறு நிறையாமல் அவள் இந்த இருக்கைக்கு வந்திருக்க முடியாது.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல, ஜெபஸ்டின். ஒரு தடவகூட எறங்கினதில்ல."

சொல்லிவிட்டாள்.

அவன் சிரித்தான்.

"நான் பயப்படுறேனான்னு பாக்குறீங்க. சார் உங்க புத்தகத்த கிளாஸ்லயே காட்டியிருக்காரு மேடம். பதினொரு தடவ!"

அவள் மறுபடியும் வாயைத் திறந்தாள். வானொலி கரகரத்தது. பத்மநாபன்.

"என்னம்மா, உள்ள பொண்ணு பாக்குற வைபவமா நடக்குது? எறங்கு. பையன அனுப்பு."

இறங்கினாள்.

கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இருமுறை இழுத்துப் பார்த்தாள். அந்த அளவுக்கு அவளுக்குத் தெரியும்.

விமானம் எழுந்தது. வளைந்தது. சிறுத்தது.

திரும்பி வந்தபோது அதன் மூக்கு ஓடுபாதையை நோக்கி இல்லை. காற்று வந்த பக்கமாகத் திரும்பி, நண்டுபோல் ஒருக்களித்து வந்தது. புல்லில் நின்றிருந்த அவளுடைய வலது கால், மூக்கைத் திருப்பும் மிதியை அழுத்துவதுபோல், தானாகத் தரையை அழுத்தியது.

வலது காலா?

இடது காலுக்கு மாற்றினாள்.

ஒரு சக்கரம் தொட்டது. பிறகு மற்றொன்று.

கொட்டகையிலிருந்து கைதட்டல் எழுந்தது. முதன்முறை தனியாகப் பறந்து வருபவரின் தலையில் வாளித் தண்ணீரைக் கொட்டுவது அங்கே வழக்கம். கொட்டினார்கள்.

பத்மநாபன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாத்தியாரம்மா கைராசி! அடுத்த பாடம் நிரஞ்சனாவுக்கு. இந்தக் காத்து போறதுக்குள்ள நீயே ரெண்டு தடவ எறக்கிக் காட்டிடு."

அவள் ஜெபஸ்டினைத் தனியே அழைத்தாள்.

"மூக்க எப்போ நேராக்குன?"

நனைந்த உடம்போடு அவன் விறைப்பாக நின்றான், வாய்மொழித் தேர்வில் நிற்பவனைப்போல.

"சார் கிளாஸ்ல சொன்ன மாதிரியே, தரை விரிஞ்சு தெரிஞ்சதும் மேடம். காத்து வர்ற பக்கம் றெக்கையச் சாய்ச்சேன். மறுபக்கக் கால அழுத்தினேன். முன்னாடியே அழுத்துனா காத்து தள்ளிட்டுப் போயிடும்."

அவள் குறிப்பேட்டில் எழுதினாள். மதிப்பெண் போடுகிறாள் என்று நினைத்து அவன் எட்டிப் பார்த்தான்.

"சரிதானே மேடம்?"

விமானத்துக்குள் நிரஞ்சனா பட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள் அவள். "மெதுவா."