நாற்பதாயிரத்துக்குள் ஒரு லேப்டாப்

நாற்பதாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று கடைக்குள் நுழைந்ததுமே பாலகுமார் சொல்லிவிட்டான்.

வாங்க வந்தவன் அவனில்லை. அவன் தோளில் கைபோட்டபடி பின்னால் வந்த செந்தமிழ்செல்வன்.

இரண்டு பேரும் கீரப்பாளையம். மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த வயதுப் பையன்கள் சிதம்பரத்துத் தெருக்களில் தோளில் கைபோடாமல் நடந்தால்தான் அதிசயம்.

மேல வீதியில் இருந்த அந்தக் கடைக்குச் சத்யப்பிரியா புதிது. காலையில் கடலூர் செம்மண்டலத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். சாயங்காலம் ஊர் திரும்பி ஹார்டுவேர் வகுப்புக்கு ஓடுவாள். யார் வந்தாலும் ஒரே வரிசையில்தான் பேசுவாள். வரிசை தவறினால் எதையாவது விட்டுவிடுவோமோ என்று பயம்.

அன்றும் திரையிலிருந்தே தொடங்கினாள். நொடிக்கு எத்தனை தடவை படம் மாறும், கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரியும், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காது என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

செந்தமிழ்செல்வன் அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. குனிந்தபடி கீபோர்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

பெண்பிள்ளைகளை நிமிர்ந்து பார்க்காத பையன் என்று அவளுக்கு ஒரு பக்கம் மரியாதை. நாம் சொல்வது புரியவில்லையோ என்று மறுபக்கம் உதறல்.

அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். ஆட்டம் வேகமெடுக்கும்போது சத்தம் பின்தங்குமா?

அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

பாலகுமார்தான் விவரம் சொன்னான். அடுத்த மாதம் ஆன்லைனில் ஒரு சண்டை விளையாட்டுப் போட்டி. அதற்குச் செந்தமிழ்செல்வன் தேர்வாகியிருக்கிறான். இத்தனை நாள் ஆடியது இரவல் மெஷினில். அதன் சொந்தக்காரன் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போனபோது அதையும் கையோடு கொண்டுபோய்விட்டான். இப்போது கையிலிருப்பது சீட்டெடுத்த பணம். கடலூரில் ஏறி இறங்காத கடையில்லை. அந்த விலைக்குக் கிடைப்பதெல்லாம் திக்கித் திக்கி ஓடுகிறது. இங்கேயும் கிடைக்காவிட்டால் போட்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

விலை குறைந்த இரண்டை அவள் போட்டுக் காட்டினாள். செந்தமிழ்செல்வன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கொஞ்சம் ஆடினான். வேண்டாம் என்று தலையசைத்தான்.

யாரோ வாங்கி ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்த மெஷின் ஒன்று உள்ளே இருந்தது. சத்யப்பிரியாவே ஞாபகம் வந்து எடுத்து வைத்தாள். அது தண்ணீராக ஓடியது. ஆனால் விலை அறுபத்திரண்டாயிரம்.

அவன் முகம் சுருங்கியது. ஒரு ஆட்டம் மட்டும் முழுசாக ஆடிவிட்டுப் போகிறேன் என்றான்.

கடைக்காரர் மகன் ஸ்ரீதர் எதிராளியாக உட்கார்ந்தான். கல்லூரிப் பையன்கள் வரிசையில் நின்று தோற்றுப்போகிற கை அவனுடையது. ஹெட்போன் செந்தமிழ்செல்வனின் காதில் இருந்ததால் மற்றவர்களுக்குப் படம் மட்டும்தான்.

முதல் சுற்று முடிந்ததும் ஸ்ரீதர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். இரண்டாவது சுற்றில் சட்டைக் கையை மடித்துவிட்டான். அதுவும் போனது.

சத்யப்பிரியா திரையை விட்டுவிட்டுச் செந்தமிழ்செல்வனின் கைகளையே பார்த்தாள். ஸ்ரீதரின் ஆள் காலை எடுத்து வைத்ததுமே இவன் விரல் அங்கே போய்விட்டது. தலையோ வாசல் பக்கம் சாய்ந்திருந்தது, ஆட்டத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல.

பார்க்காமலே அடிக்கிறானே என்று மலைத்தாள். கீழ வீதியில் பூக்கட்டுகிறவர்கள் பூவைப் பார்த்தா கட்டுகிறார்கள், பழகின கை அப்படித்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாவது சுற்றின் நடுவில் திரை ஒரு தடவை சிமிட்டியது. பிறகு முழுக்க இருண்டுவிட்டது.

வாங்கினவர் ஏன் திருப்பிக் கொடுத்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

ஸ்ரீதர் கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டான். சத்யப்பிரியாவுக்குக் காது சுட்டது. அவள் எடுத்து வைத்த மெஷின்.

செந்தமிழ்செல்வன் நிறுத்தவில்லை.

இருண்ட திரைக்கு முன்னால் அவன் விரல்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. கடையில் வேறு சத்தமில்லை. பட்டன்களின் டக் டக் மட்டும். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கையிலிருந்த விலை அட்டையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

சட்டென்று விரல்கள் நின்றன. அவன் ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளினான்.

“ஏண்ணா, அடிக்காம நிக்கிறீங்க?”

திரை போய்விட்டது என்று ஸ்ரீதர் மெல்லச் சொன்னான்.

“அது எரிஞ்சப்ப மட்டும் அவன் பாத்தானாக்கும்?” என்று பாலகுமார் சிரித்துவிட்டான்.

பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான். பிறவியிலேயே அவனுக்குப் பார்வை கிடையாது. எதிராளியின் காலடிச் சத்தம் எந்தக் காதில் விழுகிறதோ அந்தப் பக்கம் அடிப்பான். கடலூரில் இதைச் சொன்ன கடையில் மெஷினை ஆன் பண்ணிக்கூடக் காட்டவில்லை. அதனால்தான் இங்கே வாய் திறக்கவில்லை.

ஒரு முழுச் சண்டை இரண்டு காதுக்குள் நடந்திருக்கிறது. சத்யப்பிரியா அப்போதுதான் விலை அட்டையைக் கீழே வைத்தாள்.

ஸ்ரீதர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டான். திரையின் பேனலே போய்விட்டது, இதை இனி யாருக்கும் விற்க முடியாது என்றான்.

செந்தமிழ்செல்வனின் முகம் முதல்முறையாக மலர்ந்தது. சத்யப்பிரியாவின் குரல் கடைசியாக வந்த பக்கம் திரும்பினான். அவள் எப்போதோ நகர்ந்துவிட்டிருந்தாள். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து அவன் கேட்டான்.

“ஸ்கிரீன் இல்லாம இது எவ்ளோ வரும்க்கா?”