தெருவைப் பார்த்த மானிட்டர்

"சார், மானிட்டரை நாற்காலியில உட்கார்ந்துதான் பார்ப்பாங்க. நீங்க எங்க வெளியில கிளம்பிட்டீங்க?"

"நீ அதைத் தூக்கிட்டு வந்து வாசல் கண்ணாடிக்குப் பின்னாடி வை. நான் எதிர்ப்பக்கம் நின்னு பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, பெரியவர் ஹில்கே தெருவைக் கடந்தார்.

கடையில் வேலை பார்க்கும் யெல்மெர், டோக்கும் என்ற அந்த ஊரில் எத்தனையோ பேருக்கு மானிட்டர் விற்றிருக்கிறான். தெருவில் நின்று மானிட்டர் பார்க்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறான்.

முதலில் வைத்தது பளபளப்பான திரை. எதிர்ப்பக்கத்திலிருந்தே கையை ஆட்டி வேண்டாம் என்றார்.

"அதுல படம் எங்க தெரியுது? எனக்குப் பின்னாடி நிக்கற சைக்கிள்தான் தெரியுது!"

அடுத்தது மங்கல். மூன்றாவது, கடையிலேயே பெரியது. பிரதிபலிக்காத திரை, பட்டப்பகலிலும் மங்காத வெளிச்சம். பெரியவர் தலையாட்டினார்.

"கேம் விளையாடவா சார்?"

"இல்ல."

"பேரப் பிள்ளைங்களுக்கா?"

"இல்ல."

"அப்ப கால்பந்து மேட்ச் பார்க்க..."

"உனக்கு விக்கணுமா, விசாரணை பண்ணணுமா?"

பில் போட்ட மார்லீன் யெல்மெரின் காதைக் கடித்தாள். "பெண்டாட்டி போய்ச் சேர்ந்துட்டாங்க. இப்ப எதிர் வீட்டு அம்மாவுக்குப் படம் காட்டப் போறார் போல!"

அதற்குமேல் யெல்மெரால் சும்மா இருக்க முடியவில்லை. "வீட்டுக்கு நானே கொண்டு வந்து மாட்டித் தர்றேன் சார்" என்றான்.

ஹில்கேயின் வீடு இருந்தது குறுகலான தெரு. ஒரு வீட்டிலும் திரைச்சீலை மூடியிருக்கவில்லை. அங்கே அதுதான் வழக்கம். மூடினால்தான் என்ன விஷயம் என்று கேட்பார்கள்.

மாடி ஜன்னலோரம் மேஜை, அதன்மேல் ஒரு லேப்டாப். யெல்மெர் மானிட்டரை மேஜையில் பொருத்தி, நாற்காலியைப் பார்த்துத் திருப்பினான். ஹில்கே அதை அப்படியே ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"சார், இப்ப உங்களுக்குத் தெரியறது மானிட்டரோட முதுகு!"

"எனக்கு அது போதும். லேப்டாப்புல இருக்கறது அதுல தெரிஞ்சா சரி."

யெல்மெர் ஒயரை இணைத்து சுவிட்சைப் போட்டான். வெள்ளை வெளிச்சம் தெருவைத் தாண்டி எதிர் வீட்டு மாடியில் விழுந்தது. அங்கே ஒரு பெண்மணியின் முகம் தெரிந்தது. அடுத்த நொடி திரைச்சீலை சடக்கென்று மூடிக்கொண்டது.

மார்லீன் சொன்னது சரிதான். இந்த வயதில் இவருக்கு இதெல்லாம் தேவையா?

ஹில்கேயின் முகம் தொங்கிப் போனது. "மூடிட்டாளா? போச்சு. எல்லாம் போச்சு."

வாசல் மணி விடாமல் அடித்தது. எதிர் வீட்டு வீட்ஸ்கே மூச்சு வாங்க மாடியேறி வந்தாள்.

"ஹில்கே, உனக்கு மூளை இருக்கா? படுத்த படுக்கையா இருக்கற என் புருஷன் மூஞ்சியில லைட் அடிக்கறே! டௌவேக்குப் பக்கவாதம் வந்தப்ப ரெண்டு தடவை வந்தே. அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கல. பள்ளிக்கூடத்துலேருந்து சிநேகிதனாம்!"

"வந்தப்பல்லாம் தலையணையை இழுத்து முகத்தை மூடிக்கிட்டானே வீட்ஸ்கே. கோணின வாயை நான் பார்க்கக் கூடாதாம். சரி, நான் அவனைப் பார்க்கல. அவன் இதைப் பார்க்கட்டும்."

லேப்டாப்பில் ஒரு ஆட்டத்தைத் திறந்தார். கட்டம் போட்ட பலகை, கறுப்பும் வெள்ளையுமாகச் சில காய்கள். இருவரும் வாராவாரம் ஆடிவந்த டாம், தாண்டித் தாண்டிக் காய் வெட்டும் ஆட்டம்.

"அன்னிக்கு அவன் சரிஞ்சு விழுந்தப்ப பாதியில நின்ன ஆட்டம் இது. அடுத்து அவன்தான் ஆடணும்."

வீட்ஸ்கேயின் கோபம் இறங்கிவிட்டது. "அவருக்கு இதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப் போவுது? அஞ்சு மாசமா ஒரு வார்த்தை பேசல. டாக்டர், பேச்சுப் பயிற்சி கொடுக்கற அம்மா, நான், எல்லாரும் கெஞ்சிப் பார்த்துட்டோம். சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கறார்."

"நீ திரைச்சீலையை மட்டும் திறந்து வை. அவனை இந்தப் பக்கமாத் திருப்பிப் படுக்க வை. வேற ஒண்ணும் கேட்க மாட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். யெல்மெர் ஒயரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டான். இந்த மனிதரைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்!

அப்போதுதான் ஹில்கே அந்தக் காரியத்தைச் செய்தார். எதிர் வீட்டு ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, லேப்டாப் பலகையிலிருந்து ஒரு கறுப்புக் காயை நைசாக எடுத்துவிட்டார்.

"கறுப்பு யாரோடது சார்?"

"டௌவேயோடது."

"நோயாளிகிட்டயேவா சார் கள்ளாட்டம்?"

ஹில்கே கோப்பைகளை எடுத்து வைத்தார். காபி ஊற்றினார். ஒரே ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து டப்பாவை மூடினார். அல்ப மனுஷன் என்று யெல்மெர் நினைத்துக்கொண்டான்.

எதிரே திரைச்சீலை திறந்தது. ஹில்கே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய காபி ஆறிப் போனது.

போன் அடித்தது. வீட்ஸ்கே போட்ட கூச்சல் யெல்மெருக்கும் கேட்டது.

"ஹில்கே! பேசிட்டார்! உன்னைத்தான் திட்டறார்! 'திருடன்... திருடன்... என் காய்...'னு ஜன்னலைக் காட்டிக் கத்தறார்!"

ஹில்கே போனை வைத்தார். பிறகு கறுப்புக் காயைப் பழைய இடத்திலேயே வைத்தார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து, அப்படியே யெல்மெர் பக்கம் தள்ளினார்.

"அவனைச் சின்ன வயசுலேருந்து தெரியும்பா. கெஞ்சினா வாயைத் திறக்க மாட்டான். ஏமாத்தினா சும்மா இருக்கவே மாட்டான்."