ஏரிக்குக் கட்டிய பாடை

"பொணம் இருமக் கூடாதுண்ணா. கொஞ்சம் அடக்கிக்கோ."

பாடைக்கு முன்னால் தோள் கொடுத்திருந்த ஹேமநாத் திரும்பிச் சொன்னான்.

"புழுதி நைனா" என்றார் பாடையில் கிடந்த முனிகிருஷ்ணன், கண்ணைத் திறக்காமல். அவர் மார்பில் ஓர் அட்டை: 'நான்தான் உங்கள் ஏரி.'

பறையோடு ஊர்வலம் சித்தூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாம்பழக்கூழ் ஃபேக்டரியின் கழிவு கலந்து ஏரி நாறிவிட்டது. மீனெல்லாம் செத்து மிதந்தன. டிராக்டரில் கொண்டுவந்து திருட்டுத்தனமாகக் கொட்டுகிறவன் யாரென்று ஏரிப் பாதுகாப்புச் சங்கத்துக்குத் தெரியவில்லை.

"உயிரோட பாடையில படுத்தா ஆயுசு கொறையும்னு நம்ம பசங்க அத்தினி பேரும் நழுவிட்டானுங்க. இவரை எங்கேர்ந்துக்கா புடிச்சே? தங்கமான மனுஷன்."

கூட நடந்த நளினி, முனிகிருஷ்ணன் நெற்றியில் நழுவிய காசைச் சரியாக வைத்தாள்.

"அந்த டிராக்டர்க்காரன் கையில சிக்கட்டும். வண்டியைக் கொளுத்திட்டு, அவனை இதே பாடையில ஏத்தறேன்" என்றான் ஹேமநாத்.

"ஏத்து. நாளைக்கே வேற டிராக்டர் வரும். கழிவு எங்கனா போய்த்தானே ஆவணும்?"

"அவனுக்குப் பரிஞ்சிக்கினு பேசறியா?"

"லோன் வண்டியா இருக்கும்டா. லோடை ஏத்திவுட்டு, எங்கனா கொட்டிக்கோன்னு அனுப்பறது ஃபேக்டரி. மனு அவங்க மேலதான். ஓட்டறவனுக்குத் தேவை, எறக்கறதுக்கு ஒரு எடம். மாந்தோலை மாடு துன்னும். மிச்சம் சாண கேஸ் குழிக்குப் போவும். புத்தூர் ரோட்டுல ஒரு பால்பண்ணையில பேசிட்டேன். வண்டி வாடகையும் அவங்களே தர்றாங்க."

"எல்லாம் சரி. எந்த வண்டி அங்க வரும்?"

"வரும்."

"எப்படிக்கா இவ்ளோ தைரியமா சொல்றே?"

"வரும்டா. நீ தோளை மாத்திக்கோ, பாடை சாயுது."

மார்க்கெட் முனையில் ஒரு பூக்காரி மண்ணை வாரித் தூற்றினாள். "எங்க ஏரியைக் கெடுத்தவன் கை வெளங்காமப் போவ. அவன் துன்ற சோத்துல மண்ணு விழ."

முனிகிருஷ்ணனின் மூடிய கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"பொணம் அழவும் கூடாதுண்ணா" என்று சிரித்தான் ஹேமநாத்.

"புழுதி நைனா."

ஃபேக்டரி மேல் மனு கொடுத்தாயிற்று. பறை ஓய்ந்தது. முனிகிருஷ்ணன் எழுந்து உட்கார்ந்து, அட்டையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

"உன்ன மாதிரி நாலு பேர் இருந்தா ஏரி பொழைச்சிக்கும். டீ குடிக்கலாம் வாண்ணா" என்று கை நீட்டினான் ஹேமநாத்.

அவர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. இடுப்பிலிருந்து டிராக்டர் சாவியை எடுத்துக்கொண்டு நளினியைப் பார்த்தார்.

"என் வண்டிக்கு ஏரிக்குப் போற வழிதாம்மா பழக்கம். பால்பண்ணைக்கு எந்தப் பக்கம் திரும்பணும்?"