கொமாண்டரின் கட்டளை

ஜெர்மனியின் கொலோன் நகரில் யோகம் அக்கா ஒரு சீருடையை மேசையில் விரித்து இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து விருந்தாளியாக வந்திருந்த சிவபாதம் எழும்பிப் போய் யன்னல் திரையை இழுத்து மூடினார். ஒரு காலத்தில் அவரும் அக்காவின் கணவர் தவமண்ணையும் ஒரே இயக்கத்தில் துவக்குத் தூக்கியவர்கள்.

“அக்கா, அண்ணை இன்னும் விடேல்லையோ?”

“விடுறதோ! போன வருசம் கொமாண்டராக்கிப் போட்டாங்கள். முந்நூறு பேர் இவரின்ரை சொல்லுக்கு நிக்கிறாங்கள்.”

“பொலிஸ் பிடிக்காதோ?”

“பொலிஸ்தானே றோட்டை மறிச்சுக் குடுக்கிறது!”

தவமண்ணை துவக்கோடு வந்தார். “அந்தக் காலத்திலை ஐரிஷ் கிளர்ச்சிக்காரரைப் பிரிட்டிஷ்காரர் நாடு கடத்தினாங்கள். போன இடத்திலை அவங்கள் ஜெனரலாயும் கவர்னராயும் வந்தாங்கள். நான் மட்டும் வரக் கூடாதோ? உனக்கும் ஒரு சீருடை எடுத்து வச்சிருக்கிறன்.”

“பிள்ளைகுட்டிக்காரன் அண்ணை, என்னாலை ஏலாது.”

“பேசாமல் போட்டுக்கொண்டு வா!”

பழைய கட்டளைக் குரல். சிவபாதம் போட்டுக்கொண்டார்.

தெருவில் முரசு அதிர்ந்தது. அண்ணையின் ஒரு சொல்லுக்குச் சிவப்பும் வெள்ளையுமான படை விறைத்து நின்றது. அடுத்த சொல்லுக்கு, இரண்டிரண்டு பேராக முதுகைத் திருப்பி, பின்புறத்தோடு பின்புறம் உரசி ஆடத் தொடங்கியது! துவக்குகள் எல்லாம் மரம். அவற்றின் வாயில் பூ. பட்டாளத்தைப் பகிடி பண்ணும் கார்னிவல் திருவிழா ஆட்டம் அது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

அண்ணை தன் முதுகைச் சிவபாதத்தின் பக்கம் திருப்பினார். சிவபாதமும் திரும்பி நின்று ஆடினார்.

“இதை எங்களுக்கு அப்பவே பழக்கியிருக்கலாமே, அண்ணை!”