காற்று இன்னும் வருகிறது

டிஸ்க் பிரேக் சாமான்கள் வந்த நூற்றுப் பன்னிரண்டு கிலோ மரப்பெட்டியைப் பார்சல் ஆபீசிலிருந்து மினி வேனில் ஏற்றி வந்தவன் நான். என் வகுப்புத் தோழன் ஜெரால்டின் பழைய லாரிக்கு அது பொருந்துமா என்று மூன்று முறை அளந்து நோட்டில் எழுதியவனும் நான். ஆனால் இன்று பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுக்கும்போது, பெடலை மிதிக்க அவன் முனாஃபைக் கூப்பிட்டான். எங்கள் மாலை வகுப்பில் முனாஃப் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகிறது.

இருவரும் கேபினில் இருந்தார்கள். நான் சக்கரத்தருகே படுத்து, ஒவ்வொரு மிதிக்கும் நட்டைத் தளர்த்தி இறுக்கினேன். பிரேக் ஆயில் குழாய் வழியாகக் குமிழிகளோடு பாட்டிலில் இறங்கியது. பதினோராவது மிதியில் குமிழி நின்றது. என் கண்ணை நம்பாமல் இன்னும் மூன்று மிதி பார்த்தேன். காற்று தீர்ந்திருந்தது. சொன்னால் உடனே முதல் ஓட்டம் கிளம்பிவிடுவார்கள். கேபினில் இரண்டு இருக்கைதான்.

“லே, காத்து வருதா?” என்றான் ஜெரால்டு.

“வருது.”

“மிதி மக்கா,” என்றான் முனாஃபிடம். மேலே சிரிப்புக் கேட்டது.

இருபத்தாறாவது மிதியிலும் “வருது” என்றேன்.

“காலு மரத்துப்போச்சுடே,” என்று முனாஃப் இறங்கி வந்தான். என்னருகே குனிந்து குழாயைப் பார்த்தான். ஆயில் தெளிவாக நின்றது. பிறகு என்னைப் பார்த்தான்.

“என்ன மக்கா, வருதா?” என்று கேபினிலிருந்து கேட்டான் ஜெரால்டு.

“வருது,” என்று மேலே பார்த்துச் சொன்னான் முனாஃப். “இவன் ஏறி மிதிச்சாத்தான் நிக்கும்.”

பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நகர்ந்து வழிவிட்டான். என்னால் எழுந்திருக்க முடியவில்லை.