விலாங்குகளுக்காக

கிளென் ஈடன் ஓடையில் அந்தச் சனிக்கிழமையும் விலாங்குகள் செத்து மிதந்தன. தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியிருந்தது.

“கிழமைக்குக் கிழமை ஆரோ பெயின்ற் ஊத்துகினம். ஆளைப் பிடிச்சுத் தாங்கோ தம்பி,” என்று கவுன்சிலிலிருந்து வந்த வெற்றியிடம் சுகந்தினி கெஞ்சினாள். மூன்று மாதமாக அவள் எழுதாத மனுவில்லை, தட்டாத கதவில்லை.

வெற்றி தண்ணீரை முகர்ந்து பார்த்தான்.

“பெயின்ட் இல்லக்கா, பால். யாரோ வீட்டு மழைத்தண்ணி வடிகால்ல ஊத்துறாங்க. அது சாக்கடைக்குப் போகாது, நேரா இங்கதான் வரும். பால் கலந்தா மீனுக்கு மூச்சு முட்டிடும்.”

சுகந்தினி அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எதனாலோ முதல் விலாங்கு செத்த அன்றே, மிச்சமாவது பிழைக்கட்டும் என்று முற்றத்து வடிகாலோரம் இருந்த பிள்ளையாருக்கு வெள்ளிதோறும் பாலபிஷேகம் நேர்ந்திருந்தாள். விலாங்குகள் சாகச் சாக, பாலைக் கூட்டிக்கொண்டே போனாள்.